முழுச் சேதமான காருக்கு முதலில் சொல்லப்படும் தொகை முடிவான தொகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வாகனக் காப்பீடு குறித்து வெளிவந்த கட்டுரை பல வகையில் பயனுள்ளதாக இருந்தது. ஆயினும், விபத்தில் கார் முழுச் சேதம், அதாவது பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று முடிவாகிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் தரும் தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்று அதில் கூறப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அண்மையில் இதே நிலையில் ஐந்து வாரங்கள் கடிதம் எழுதி, பதில் வாங்கி, மறுபடியும் எழுதி முடித்தவன் என்ற முறையில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காப்பீடு என்பது இழப்பை ஈடுகட்டும் ஒப்பந்தம். காப்பீடு செய்தவர் தம் இழப்பை முழுமையாகப் பெற வேண்டும், அதற்கு மேல் ஒருபோதும் பெறக் கூடாது என்று 1883-இல் காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன் என்ற தீக்காப்பீட்டு வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த கொள்கை இன்றும் இத்துறைக்கு அடிப்படையாக இருக்கிறது. அந்தக் கொள்கையின் முற்பாதியைக் கேட்பது பேராசை ஆகாது. கார் வாங்கியபோது நாம் கொடுத்த விலையோ, வங்கியில் இன்னும் பாக்கி நிற்கும் கடனோ, புதிய கார் இன்று விற்கும் விலையோ இங்கே கணக்கில் வராது. விபத்து நடப்பதற்கு முந்தைய நிமிடத்தில் நம் கார் எந்த நிலையில் இருந்ததோ, அதற்கு நிகரான ஒரு காரை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி.

என் கார் ஆறு ஆண்டு பழையது. சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த லாரி மோதியதில் டிக்கி பின்சீட்டு வரை நொறுங்கி உள்ளே வந்துவிட்டது. எனக்குக் காயம் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தவர் ஒரு தொகையைச் சொல்லி, "சிஸ்டம் காட்டுவது இவ்வளவுதான், சம்மதம் என்றால் இன்றே அனுப்பிவிடலாம்" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தத் தொகைக்கு அதே மாடலில் அதே ஆண்டு கார் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற மதிப்பீட்டு அறிக்கையை எழுத்துமூலம் அனுப்புமாறு கேட்டேன். அது மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகுதான் வந்தது.

நான்கு பக்கம் கொண்ட அந்த அறிக்கையில் ஒப்பீட்டுக்காக மூன்று கார்களின் விளம்பரங்கள் எடுத்துக் காட்டப்பட்டிருந்தன. முதலாவது, என் காரின் அதே பெயர் கொண்ட அடிப்படை மாடல். என்னுடையதோ ஆட்டோமேட்டிக் கியரும் ஆறு ஏர்பேக்கும் உள்ள மேல்நிலை மாடல். இரண்டாவது கார் 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. என் ஓடோமீட்டரில் இருந்தது 61,400. மூன்றாவது விளம்பரம் மூன்று மாதம் பழையது, அந்தக் கார் எப்போதோ விற்றுப் போயிருந்தது. இவை போதாதென்று, "உள்புற நிலை: சராசரிக்குக் கீழ்" என்று ஒரு வரி எழுதி அதற்காகத் தனியாக ஒரு கழிவும் போட்டிருந்தார்கள். அறிக்கையோடு இணைத்திருந்த பதினொரு புகைப்படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே வெளிப்புறப் படங்கள். உள்புறத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. பார்க்காத சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எப்படி மதிப்பெண் போட்டார் என்று கேட்டு எழுதினேன். அடுத்த திருத்தத்தில் அந்தக் கழிவு காணாமல் போனது; ஏன் நீக்கினார்கள் என்ற விளக்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

இதனால்தான் அறிக்கையைக் கேட்டு வாங்குவதையே முதல் வேலையாகச் சொல்கிறேன். தொகை குறைவு என்று தொலைபேசியில் எத்தனை முறை சொன்னாலும் அதற்கு ஒரே பதில்தான் வரும். குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில் உள்ள தகவல் தவறு, இதோ ஆதாரம் என்று எழுதினால், கோப்பைக் கையில் வைத்திருப்பவர் ஏதாவது செய்தே ஆக வேண்டும். கோபத்தைக் கொட்டி எழுதும் நீண்ட கடிதத்தைவிட, பதிவுச் சான்றிதழில் உள்ள மாடல் விவரமும் கடைசி சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டர் கணக்கும் அதிகம் பேசும்.

நம் தரப்பு ஒப்பீடுகளையும் நாமே திரட்ட வேண்டும். அதே ஆண்டு, அதே மாடல், அதே எரிபொருள், ஏறத்தாழ அதே ஓட்டம் கொண்ட கார்களின் விளம்பரங்களை, தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் கார் விற்றதும் விளம்பரம் மறைந்துவிடும். நான் எட்டு விளம்பரங்களை அனுப்பினேன். அவற்றில் இரண்டு எனக்குப் பாதகமானவை, அதாவது விலை குறைந்தவை. அவற்றை மறைத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். உயர்ந்த விலைகளை மட்டும் பொறுக்கி எடுத்த பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் சேர்த்தே அனுப்பினேன், அதுவே சரியாகவும் அமைந்தது. விளம்பர விலை வேறு, பேரம் பேசி முடியும் விலை வேறு என்று நிறுவனம் சொல்லும். அது நியாயமான வாதம்தான். ஆனால் எத்தனை சதவீதம் குறைக்கிறார்கள், எந்த ஆதாரத்தில் குறைக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதேபோல நம் பக்கமும் நேர்மை வேண்டும். விபத்துக்கு மூன்று வாரம் முன்பு நான்கு டயரையும் மாற்றியிருந்தேன். அந்த பில் தொகை முழுவதையும் காரின் மதிப்போடு கூட்டித் தரும்படி நான் கேட்கவில்லை. பட்ட செலவு வேறு, அதனால் கூடும் மதிப்பு வேறு. கார் நல்ல பராமரிப்பில் இருந்தது என்பதற்குச் சான்றாக மட்டுமே அதை வைத்தேன்.

குறைத்து மதிப்பிடுவது ஒருவர் இருவருக்கு நேரும் தனிப்பட்ட குறை அல்ல. முழுச் சேதமான கார்களுக்குச் சந்தை மதிப்பைவிடக் குறைவான தொகையை முன்வைக்கக் கூடாது என்று பிரிட்டனின் நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022 டிசம்பரில் காப்பீட்டு நிறுவனங்களை வெளிப்படையாகவே எச்சரித்தது. அமெரிக்காவில் பல பாலிசிகளில் மதிப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் இரு தரப்பும் தத்தம் மதிப்பீட்டாளரை நியமித்து, அவர்களுக்குள்ளும் ஒத்துவராவிட்டால் நடுவர் ஒருவர் முடிவு செய்வார்.

எல்லா இடங்களிலும் கார் மோதிய பிறகுதான் பேச்சு தொடங்குகிறது என்பதும் இல்லை. இந்தியாவில் ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு, அதாவது முழுச் சேதமானால் கிடைக்கும் தொகைக்கு அடிப்படையான மதிப்பு, பாலிசி எடுக்கும்போதே குறிக்கப்பட்டுவிடுகிறது. காரின் வயது ஓராண்டைக் கடந்து இரண்டு ஆண்டுக்குள் இருந்தால் விலையில் 20 சதவீதமும், நான்கைக் கடந்து ஐந்துக்குள் இருந்தால் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச் சேதமாகக் கொள்ளப்படும். ஐந்து ஆண்டைக் கடந்த காருக்கு இந்த அட்டவணை பொருந்தாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் மதிப்பே ஐடிவி. பிரீமியம் கொஞ்சம் குறையட்டும் என்று புதுப்பிக்கும்போது ஐடிவியைக் குறைக்கச் சம்மதிப்பவர்கள், விபத்துக்குப் பின் பேச வேண்டிய பேரத்தை அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். தங்கள் கட்டுரையில் இது ஒரு வரியாகவாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

தொகை முடிவான பின்னரும் கழிவுகளைக் கவனிக்க வேண்டும். நாம் ஏற்க வேண்டிய பங்கு பாலிசியிலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதில் தகராறு இல்லை. கடன் இருந்தால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும், மிச்சம்தான் நமக்கு. நொறுங்கிய காரை நாமே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் சால்வேஜ் மதிப்பை, அதாவது நொறுங்கிய நிலையிலேயே அது விலைபோகும் தொகையை, கழிப்பார்கள். அந்த மதிப்பு யார் கொடுத்த ஏல விலை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்துக்குத் தவிக்கும் நேரத்தில் இத்தனையும் யாரால் முடியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாற்றுக் கார் இல்லாமல், அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் வழி தெரியாமல் நிற்பவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டு கோரிக்கைகளைத் தங்கள் இதழ் வாயிலாக முன்வைக்கிறேன். மறுப்பில்லாத தொகையை நிறுவனங்கள் உடனே தந்துவிட்டு, வித்தியாசத்தைப் பற்றி மட்டும் பிறகு பேச வேண்டும்; அதை வாங்கும்போது "முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கக் கூடாது. இரண்டாவது, தொகையைச் சொல்லும்போதே மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை நிறுவனங்களுக்குக் கூடுதல் வேலை எதையும் வைப்பதில்லை. என் விஷயத்தில், இரண்டு திருத்தங்களுக்குப் பிறகு கிடைத்த தொகை முதலில் சொன்னதைவிட 17 சதவீதம் அதிகம். அந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டிக்கொடுத்த அறிக்கைக்காக மூன்று மின்னஞ்சல்கள் எழுதி, பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். அதன் முதல் பக்கத்தின் மேல் மூலையில் அச்சாகியிருந்த தேதி, எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததற்கு முந்தைய நாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்