பெட்டிக்கடைக்கு ஒரு உரிமம்

மன்னார்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. நீ கவுன்சிலராகிவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னபோதே மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நட்டாயிற்று. பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள்.

உன்னிடம் ஒரு காரியம் ஆகணும். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பெட்டிக்கடை. கடலை மிட்டாய் பாட்டில் மேலேயே சிகரெட் பாக்கெட், ஓரத்தில் புகைந்துகொண்டிருக்கும் கயிறு. போன வாரம் சீருடையோடு இரண்டு பையன்கள் சில்லறையை நீட்டி ஒத்தை சிகரெட் வாங்கினார்கள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்தையாக வாங்குகிற பிள்ளைக்கு அந்தப் படத்தால் என்ன பயன்?

சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமே சொல்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்! அதை ஒரு காலை வியாபாரத்தில் எடுத்துவிடுவார்கள். சிறுவர்களைப் பாதுகாக்கிற இளைஞர் நீதிச் சட்டத்திலோ, பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. தெருவில் நித்தம் முகம் பார்க்கிற கடைக்காரர் மேல் அப்படியொரு வழக்கைப் போட யாருக்கு மனசு வரும்? ஒன்று உறைக்காத தண்டனை, மற்றது கை வைக்கத் தயங்குகிற தண்டனை. அதனால் எதுவுமே நடப்பதில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. புகையிலை விற்க நகராட்சியிடம் தனி உரிமம் வாங்கணும் என்று விதி கொண்டு வரணும். பிள்ளைகளுக்கு விற்றால் முதல் தடவை ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம், திரும்பவும் விற்றால் ரத்து. கடைக்காரருக்கு அந்தப் பயம் போதும். உரிமக் கட்டணத்திலேயே சோதனைக்கு ஆள் வைக்கலாம். கலிபோர்னியாவில் பல ஊர்களில் இதைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ 2014-இல் ஒரு தொகுதிக்கு இத்தனை கடைதான் என்று வரம்பே கட்டிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், நம் மத்திய சுகாதார அமைச்சகமே 2017-இல் மாநிலங்களுக்கு எழுதியது: உள்ளாட்சி வழியாக உரிமம் கொடுங்கள், புகையிலை விற்கிற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ் விற்க விடாதீர்கள் என்று. அந்த இரண்டாவது யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிட்டாய்க்காகப் போகிற பிள்ளைதானே பிறகு சிகரெட்டுக்கும் கை நீட்டுகிறது.

வெற்றிலை சீவலோடு ஒரு துண்டு புகையிலையும் போடுகிற ஊர் நம்முடையது. பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு யாரும் தடை போடவில்லை என்று சொல். பெட்டிக்கடையை நம்பிப் பிழைக்கிற கைம்பெண்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துவிடு. விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதே.

நகர்மன்றத்தில் தீர்மானம் கொண்டு வருவாயா? அதிகாரம் போதாது என்று ஆணையர் சொன்னால், அரசுக்குப் பரிந்துரையாகவாவது அனுப்பச் சொல். வாசகத்தை எழுதி அனுப்பு, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
மன்னார்குடி மாப்பிள்ளை