தெப்பக்குளத்திலிருந்து செல்விக்கு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மகளுக்கு வளைகாப்பு என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. 2004இல் நம் எச்ஐவிக்கு இலவச மாத்திரை கொடுக்க ஆரம்பித்த புதிதில், தாம்பரம் ஆஸ்பத்திரி மரத்தடியில் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அவள். "இவள் பள்ளிக்கூடம் போறதைப் பார்த்தாப் போதும்" என்றாய். இப்போது பாட்டியாகப் போகிறாய்!

ஆனால் கடைசி வரியில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தோடு இரண்டாம் மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்தியது. இசிஜியில் ஒன்றும் இல்லை. பிபி 150க்கு 96, கெட்ட கொழுப்பும் அதிகம். டாக்டர் படம் போட்டு விளக்கினார். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, தெரியாத அளவுக்கு இறங்கினாலும், உடம்புக்குள் ஒரு மெல்லிய அழற்சி அணையாமல் இருக்குமாம். அது ரத்தக்குழாயின் உள்சுவரை அரித்து, கொழுப்பு படிய வழி செய்கிறது. அதனால்தான் நம் போன்றவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. இத்தனை வருஷம் சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், இதயத்தை யார் நினைத்தோம்?

இப்போது விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். முதல் வாரம் பத்து நிமிஷம்தான். சேலையும் ஷூவுமாக நடக்க வெட்கமாக இருந்தது. பூக்கட்டும் அக்கா ஒருத்தர், "முந்தானையை இடுப்பில் செருகிக்கோ, கை வீசி நட" என்றார். அதோடு வெட்கம் போயிற்று. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எச்ஐவி உள்ளவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இரண்டு நாள் தசைக்கும் வேலை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்குகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன். உடம்பை வருத்தினால் எதிர்ப்புச் சக்தி குறையுமோ என்று பயந்தேன். அளவோடு செய்தால் சிடி4 குறையாது, வைரஸும் ஏறாது என்றார் டாக்டர்.

அப்புறம், மாத்திரை விஷயம். நம்மைப் போன்றவர்கள் 7,700 பேருக்கு மேல் வைத்து 12 நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தினார்கள், அதில் நம் இந்தியாவும் உண்டு. பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2023இல் முடிவு வந்தது. உனக்கு அது வேண்டுமா என்று, நமக்கு எச்ஐவி மாத்திரை தரும் ஏஆர்டி சென்டரில் நீயே வாய்விட்டுக் கேள். அங்கே வருகிற கூட்டத்தில் அவர்களாக எடுத்துச் சொல்ல நேரம் இருக்காது. எடையையும் சொல். எச்ஐவி மாத்திரையை மாற்றியபின் எனக்கு 9 கிலோ ஏறியது.

நடக்கிறேன் என்று நாளைக்கே கிளம்பிவிடாதே, செல்வி. மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இசிஜி. நெஞ்சு வலியோ, இடது கைக்குப் பரவும் வலியோ வந்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

வளைகாப்புக்கு முதல் நாளே வருகிறேன். உன் பிபி எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. கால் அளவும் எழுது, ஷூ நான் வாங்கி வருகிறேன்.

உன்,
மீனா