அந்தோரா அனுப்பிய ஆறு பாட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய நாடுகள் வருஷா வருஷம் நாட்டுக்கு ஒரு பாட்டு அனுப்பி மோதுகிற யூரோவிஷன் பாட்டுப் போட்டி பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி யாரும் எழுதுவதே அபூர்வம், அதனால் சந்தோஷமாகத்தான் படித்தேன். ஆனால் அந்தோரா மாதிரியான குட்டி நாடுகள் தோற்பதற்கென்றே போய்க் காசைக் கரைக்கின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. ஆஸ்திரேலியாவே போகும்போது இந்தியா ஏன் போகக் கூடாது என்றும் கேட்டிருந்தார்.

நான் கொழிஞ்சாம்பாறையில் மைக்செட் வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாரியம்மன் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூடத்து விழா எல்லாவற்றுக்கும் போவேன். இந்தப் போட்டியை எனக்குக் காட்டிக் கொடுத்தது டப்ளினில் நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள். அயர்லாந்து ஏழு தடவை ஜெயித்த நாடு, ஸ்வீடனுக்கு மட்டும்தான் அதே கணக்கு. "சித்தப்பா, நான் இருக்கிற நாட்டுக்கு நானே ஓட்டுப் போட முடியாது தெரியுமா" என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு ஆர்வம் வந்தது. அவரவர் நாட்டுக்கு அவரவர் ஓட்டுப் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். மே மாதத்தில் நமக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு இறுதிப் போட்டி ஆரம்பிக்கும். யூடியூபில் பார்ப்பேன்.

உண்மையைச் சொன்னால் பாட்டுக்காகப் பார்க்கத் தொடங்கவில்லை, சத்தத்துக்காகத்தான். 1998 வரை மேடையில் ஆர்கெஸ்ட்ரா இருந்தது. 1999-லிருந்து இசை முழுக்க முன்பே பதிவு செய்த டிராக்தான், ஆனால் பாடுகிறவர் நேரடியாகப் பாடியாக வேண்டும். பாட்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் மேடையையே மாற்றிவிடுகிறார்கள், ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. இங்கே ஹார்மோனியத்துக்கு ஒரு மைக் வைப்பதற்குள் தலைவர் பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

சரி, இந்தியா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் போட்டிக்கு ஆள் அனுப்புவது அரசாங்கம் இல்லை, அந்த நாட்டு வானொலி, தொலைக்காட்சி நிலையம். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் சங்கத்தின் கூட்டுப் போட்டி அது. மொராக்கோ 1980-ல் ஒரே ஒரு தடவை பாடிவிட்டுப் போனது, இஸ்ரேல் 1973-லிருந்து பாடுகிறது, எல்லாம் அந்த வழியில்தான். ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஸ் என்கிற தொலைக்காட்சி 1983-லிருந்து இதை ஒளிபரப்பி வந்தது. 60-வது போட்டி 2015-ல் நடந்தபோது, இத்தனை வருஷம் காட்டினீர்களே, நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அப்படிப் போனவர்கள்தான். எனக்குத் தெரிந்து நாம் அப்படி வருஷா வருஷம் போட்டியைக் காட்டியதும் இல்லை, கேட்டதும் இல்லை. ஓட்டுப் போட ஆசை இருந்தால் மட்டும் 2023-லிருந்து இந்தியாவில் இருந்தபடியே ஆன்லைனில் காசு கட்டிப் போடலாம். வெளிநாட்டு ஓட்டு மொத்தத்தையும் சேர்த்து ஒரு நாட்டின் ஓட்டாக எண்ணுகிறார்கள்.

இப்போது அந்தோரா. ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே மலைக்குள் கிடக்கிற நாடு, மக்கள்தொகை எண்பதாயிரம் பக்கம். 2004 முதல் 2009 வரை ஆறு வருஷம் போட்டிக்கு வந்தது. ஒரு தடவைகூட இறுதிச் சுற்றுக்குள் நுழையவில்லை. 2007-ல் ஹெல்சிங்கியில் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி நாலு பேர் கிதாரோடு வந்து அரையிறுதியில் 12-வது இடம் பிடித்தார்கள். முதல் பத்துக்குத்தான் உள்ளே இடம். அதுதான் அவர்கள் தொட்ட உயரம். அப்புறம் செலவு தாங்காமல் நிறுத்திக்கொண்டார்கள். கட்டுரையாளர் சொன்ன கணக்கு இதுவரைக்கும் சரிதான்.

ஆனால் அவர்கள் எந்த மொழியில் பாடினார்கள் என்பதை அவர் எழுதவே இல்லை. பெரும்பாலும் கத்தலான் மொழி. அந்தோராவின் ஒரே ஆட்சிமொழி அதுதான். மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் பார்சிலோனா பக்கம் போனால் அந்த மொழி பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் 1961-லிருந்து 2025 வரை பாடிய ஸ்பெயின் கத்தலானில் ஒரு பாட்டுகூட அனுப்பியதில்லை. 1968-ல் ஒரு தடவை நெருங்கி வந்தது. ஜோன் மானுவேல் செர்ராத் என்ற பாடகரைத் தேர்ந்தெடுத்தார்கள். கத்தலானில்தான் பாடுவேன் என்றார் அவர். அப்போது சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி, சம்மதிக்கவில்லை. அவரை மாற்றிவிட்டு மாசியேல் என்ற பாடகியை அனுப்பினார்கள். அவர் லண்டனுக்குப் போய் ஸ்பானிய மொழியில் பாடி, பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, 29-க்கு 28 என்று கோப்பையை வாங்கிவிட்டார். ஸ்பெயின் ஜெயித்தது. அந்த மொழி மேடை ஏற இன்னும் 36 வருஷம் ஆனது. ஏற்றியது அந்தோரா.

2004-ல் அந்தோராவுக்குக் கிடைத்தது மொத்தம் 12 புள்ளி. பன்னிரண்டும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போட்டுக்கொள்வது மோசடி என்று உங்கள் கட்டுரை கிண்டல் செய்கிறது. கிரீஸும் சைப்ரஸும் விடாமல் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும்தான். ஆனால் எல்லையில் இருக்கிறவனுக்கு அது மோசடியாகத் தெரியாது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மலையாளப் பாட்டு, தமிழ்ப் பாட்டு என்று மாறி மாறிச் சீட்டு வரும். எழுதிக் கொடுக்கிறவர் எந்தப் பக்கத்து உறவு என்று கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சான் மரினோ கதையைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். நாலு பக்கமும் இத்தாலி சூழ்ந்த நாடு, சுமார் 33,000 பேர். கேரளத்தில் ஒரு பெரிய பஞ்சாயத்து. அவர்கள் போனெல்லாம் இத்தாலியின் தொலைபேசி வலையில் ஓடுவதால், எந்த ஓட்டு சான் மரினோவுடையது என்று பிரிக்க முடியாது. அதனால் வேறு நாடுகளின் ஓட்டை வைத்து அவர்களுக்கு ஒரு முடிவைக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் போனை எடுத்தால் இந்த முனையில் ஒரு மாநிலத்து டவர், அந்த முனையில் இன்னொரு மாநிலத்து டவர். ரோமிங் காசு பிடித்த காலத்தில் கடைக்காரர்கள் போனை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி நின்று பேசுவார்கள். எனக்கு சான் மரினோவைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

கேரளத்துப் பள்ளிக் கலோத்ஸவத்தைப் பற்றி, அதாவது பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டி விழாவைப் பற்றி, உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பனா, திருவாதிரை, மார்கம்களி என்று பெரிய மேடைகள். அதற்கு நடுவே தமிழ்ப் பத்யம் சொல்லல் என்று ஒரு இனம் (போட்டியை இங்கே இனம் என்போம்), தமிழ்ப் பிரசங்கம் என்று ஒரு இனம். காசர்கோட்டுப் பிள்ளைகளுக்காகக் கன்னடத்திலும் அப்படியே உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும், மூணாறு, பீர்மேடு எஸ்டேட் பிள்ளைகளும்தான் தமிழ் இனத்தில் அதிகம் நிற்பார்கள்.

போன தடவை உபஜில்லாக் கலோத்ஸவத்தில், அதாவது மாவட்டத்துக்குக் கீழ்மட்டப் போட்டியில், அந்தத் தமிழ் மேடைக்கு நான்தான் மைக். மேடை என்று பெயர்தான். பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிய வகுப்பறை, கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு அழிக்காமல் இருந்தது. மூன்று பேர் போட்டி. கடைசியாக வந்தது வடகரப்பதி பக்கத்துப் பெண் பிள்ளை, அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர். ஸ்டாண்டை எவ்வளவு இறக்கியும் மைக் அவள் நெற்றிக்குத்தான் வந்தது. கழற்றிக் கையில் கொடுத்தேன். உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள், 'ப' வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் குமுறியது. பாஸைக் குறைத்து, கையால் சைகை காட்டி, ஒரு விரல் இடம் விடச் சொன்னேன். செஸ்ட் நம்பரைச் சொல்லிவிட்டு பாரதியார் பாட்டை ஆரம்பித்தவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற ஒரு வாத்தியார் என்னிடம், "மூணு பேருக்கு ஒரு போட்டி, அதுக்கு மூணு ஜட்ஜுக்குப் படி. வேண்டாத செலவு" என்றார். கெட்ட மனிதர் இல்லை, காலையிலிருந்து சாப்பாட்டு டோக்கன் சண்டையில் களைத்துப் போயிருந்தார். ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்தபோது அவர் குரல்தான் காதில் விழுந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஏ கிரேடு. ஒப்பனாவில் ஏ கிரேடு வாங்கினாலும் 5 புள்ளி, இதில் வாங்கினாலும் 5 புள்ளிதான். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலக் கலோத்ஸவத்தில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. தங்கக் கோப்பை ஒரு புள்ளியில் போனது. தமிழுக்கு ஜட்ஜ் படி வேண்டாத செலவு என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் போதும், உடனே புரியும். ஆனால் அந்தக் காரணத்துக்காக அது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு புள்ளியும் வராவிட்டாலும் அந்த அறைக்கு நான் மைக் கொண்டுபோவேன்.

தோற்றுக்கொண்டே இருந்தவர்கள் ஜெயித்ததும் உண்டு. போர்ச்சுகல் 1964-ல் சேர்ந்தது. 53 வருஷம் கழித்து 2017-ல் தன் சொந்த மொழியில் சால்வடோர் சோப்ரால் பாடிய பாட்டுக்கு 758 புள்ளி. அக்கா லூயிசா எழுதிக் கொடுத்த பாட்டு. ஆட்டம் இல்லை, பின்னால் ஆள் இல்லை, பெரிய மேடையைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை, ஜனங்களுக்கு நடுவே இருந்த சின்ன மேடையில் ஒரு மைக்கோடு நின்றார். என் தொழிலில் இருக்கிறவனுக்கு அதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தோரா இன்னும் வருஷங்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

நாளைக்கு இந்தியா அப்படியொரு போட்டிக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷம். அது எந்த மொழி என்று யார் முடிவு செய்வார்கள்? இதைக் கேட்காமல் போவதைப் பற்றி மட்டும் எழுதினால் 1968-ல் ஸ்பெயின் செய்ததைத்தான் நாமும் செய்வோம். ஜெயித்தும் விடுவோம், எல்லோரும் பட்டாசு வெடிப்பார்கள். வருஷத்துக்கு ஒரு மொழி என்று முறை வைத்துக்கொண்டு போனால் போகலாம் என்பது என் கட்சி. துளுவுக்கும் சந்தாலிக்கும் முறை வர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கோவைப் பதிப்புதான் எங்கள் ஊருக்கு வருகிறது. கலோத்ஸவ சமயத்தில் ஒப்பனாப் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், போடுங்கள். கீழே நாலு வரியில் தமிழ் இனங்களின் முடிவையும் போடுங்கள். கிரேடு வாங்கியவர்களை மட்டும் இல்லை, கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளின் பள்ளிப் பெயரும் வரட்டும். நிருபரை அனுப்ப ஆள் இல்லையென்றால் கவலை வேண்டாம். அந்த அறையில் எப்படியும் நான் இருப்பேன், முடிவு ஒட்டியதும் படம் எடுத்து அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மைக்செட் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.