சின்னவன்ர சாப்பாட்டுப் பெட்டி

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அப்பாவும் சுகம். இஞ்ச வெயில் கொளுத்துது, கிணத்தடி முருங்கை மட்டும் காய்ச்சுக் கொட்டுது. உன்ர வொய்ஸ் மெசேஜ் கேட்டன், சின்னவன்ர பெட்டி போன மாதிரியே திரும்பி வருதெண்டு அழாக்குறையாச் சொல்லியிருக்கிறாய். போன்ல கதைச்சால் பாதியில வேலைக்கு ஓடிப்போடுவாய், அதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

நான் சின்ன வகுப்புப் படிப்பிச்ச ஆள், இடைவேளை மணி அடிச்சாப் பிறகு பிள்ளையள் என்ன செய்யுங்கள் எண்டு வருசக்கணக்காப் பாத்தனான். சாப்பாடு பிடிக்காமல் திரும்பிப் போனது குறைவு. மூடி திறக்க ஏலாமல் டீச்சரிட்டக் கேக்கவும் வெக்கப்பட்டு இருந்தது, புட்டு ஆறிக் காய்ஞ்சு தொண்டையில விக்கினது, சொதி ஊத்துப்பட்டுக் கொப்பியெல்லாம் நனைஞ்சது, கிளித்தட்டுக்கு ஆள் சேர்க்கிற அவசரத்தில ரெண்டு வாயோட ஓடினது, இதுகள்தான் கூட. அதால வீடியோ பாத்து கரட்டை நட்சத்திரம் மாதிரி வெட்டிக்கொண்டு இருக்காத, அதெல்லாம் படம் எடுக்கத்தான் சரி. சனிக்கிழமை அந்தப் பெட்டியை அவன்ர கையில குடுத்துத் தானாத் திறந்து, சாப்பிட்டு, மூடச் சொல்லிப் பார். இருபது நிமிசந்தான் சாப்பிட விடுகினம் எண்டு நீதானே சொன்னனீ, அதையும் மணிக்கூட்டில பார். எங்க மினக்கெடுறான் எண்டு அப்ப தெரியும்.

அடுத்தது அளவு. நீ போடுறது உன்ர அவர் வேலைக்குக் கொண்டுபோற அளவு! ஆறு வயசுப் பிள்ளைக்கு அதைக் கண்டவுடனேயே வயிறு நிரம்பிடும். அரைவாசி போடு, முடிச்சிட்டு வந்து பசிக்குதெண்டு சொன்னால் பின்னேரம் வீட்டில குடுக்கலாம். காலமை பால்தேத்தண்ணி குடுக்கிறதையும் விடு பிள்ளை, தேயிலைச் சாயம் சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில சரியாப் பிடிக்க விடாது. அப்பா இதை வாசிச்சிட்டு "நாங்களும் தேத்தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்" எண்டு முணுமுணுக்கிறார், அவர்ர இரத்தப் பரிசோதனைத் துண்டு அலுமாரிக்குள்ள கிடக்கு, அதைப்பற்றிக் கதைக்கமாட்டார்.

அவன் வீட்டில விரும்பிச் சாப்பிடுறதையே குடன். புட்டெண்டால் ஈரப்பதமா அவிச்சு, முட்டையும் துருவின கரட்டும் லீக்ஸும் போட்டுப் பிரட்டி, சின்னத் தெர்மோஸில போட்டுவிடு. ஆனால் தெர்மோஸுக்கு முதல் கொதிதண்ணி ஊத்தி ஒரு அஞ்சு பத்து நிமிசம் மூடிவைச்சு, அந்தத் தண்ணியை வெளியில ஊத்திப்போட்டு, பிறகு ஆவி பறக்கப் பறக்கச் சாப்பாட்டைப் போடவேணும், வெதுவெதுப்பாப் போட்டால் மத்தியானம் சூடும் இருக்காது, பழுதாவும் போகும். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலதான் கிருமி கெதியாப் பெருகிறது. குளிர்நாடுதானே எண்டு நினையாத, வகுப்புக்குள்ள ஹீட்டர் போட்டுத்தானே வைச்சிருப்பினம். தயிர், முட்டை, மீன் எண்டு குளிராக் குடுக்கிறதுக்கு ஐஸ் பாக் கட்டாயம் வை. சொதி வேண்டவே வேண்டாம், நான் பாத்த கொப்பியள் காணும்.

ஆறினாலும் தின்னக்கூடியது தோசை. சின்னன் சின்னனாச் சுட்டு, உள்ளுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் உறைப்பில்லாமல் வைச்சுச் சுருட்டி, ரெண்டா வெட்டிவிட்டால் ஒரு கையால திண்டு முடிப்பான், உழுந்தில புரதமும் இருக்கு. ரின் மீன் கட்லட்டைப் பொரிக்காமல் அவணில வை. கொண்டல் கடலை அவிச்சுத் தாளிச்சு ஒரு கைப்பிடி, அதோட ரெண்டு தோடம்பழச் சுளை. புளிப்புப் பழத்தோட சேர்ந்தால் கடலையில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில நல்லாப் பிடிக்கும். முந்திரிகைப் பழம், அதான் திராட்சை, குடுத்தால் நீளப்பாட்டுக்கு வெட்டிக் குடு, முழுசாத் தொண்டையில இறுகினால் ஆபத்து.

கச்சான் அலுவாவும் எள்ளுருண்டையும் அனுப்பச் சொன்னனீ, அனுப்புறன், ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துவிடாத. கனடாவில உங்கட ஒன்ராறியோவில 2006 இல இருந்து அலர்ஜிக்கெண்டே சப்ரினா சட்டம் எண்டு ஒண்டு இருக்காம், பள்ளிக்கூடங்கள் அதுக்கு ஒழுங்கு வைச்சிருக்கவேணுமாம், என்ன என்ன கூடாதெண்டது இடத்துக்கிடம் மாறும் போல. கச்சான், கஜு மட்டுமில்லை, எள்ளும் மீனும் முட்டையும் கூட அங்க அலர்ஜிப் பட்டியல்ல இருக்கு. அவன்ர வகுப்பில ஆருக்கும் மீன் ஒத்துக்கொள்ளாதெண்டால் நான் மேல சொன்ன கட்லட்டை மற, பள்ளிக்கூடம் தந்த பேப்பரைத் தேடி எடுத்து ஒருக்கா வாசி.

மரக்கறிக்குச் சண்டை பிடியாத. "மரக்கறி வேணுமோ?" எண்டு கேட்டால் வேண்டாமெண்டுதான் வரும், "வெள்ளரிக்காயோ கரட்டோ?" எண்டு கேள், ரெண்டில ஒண்டைத் தானே எடுத்துப் போடட்டும். புதுச் சாப்பாடு எதையும் முதல்ல பெட்டிக்குள்ள வையாத. வீட்டில, நீங்கள் சாப்பிடேக்க அவன்ர கோப்பையில ஒரு துளி வை, தொடாட்டில் விடு, பிறகும் ஒரு நாள் வை. பத்துத் தரத்துக்கு மேல கண்டபிறகுதான் சில பிள்ளையள் வாயில வைக்குங்கள். நீ வல்லாரைச் சம்பலுக்கு வாய் திறந்தது எப்ப எண்டு அம்மம்மா இருந்தால் சொல்லியிருப்பா. முடிச்சால் சொக்கிலேற் எண்டு மட்டும் பேரம் பேசாத பிள்ளை, பிறகு சொக்கிலேற்றுக்காகத்தான் சாப்பாடெண்டு ஆயிடும்.

மிச்சம் வந்தால் பேசாத. குப்பையில கொட்டாமல் வீட்டை கொண்டுவரச் சொல்லு, பேசினால் அங்கயே கொட்டிப்போட்டு வெறும் பெட்டியோட வருவான், உனக்கு ஒண்டும் தெரியவராது.

மாமாவின்ர மகன் அடுத்த மாதம் அங்க வாறான். திருநெல்வேலிச் சந்தையில குரக்கன் வேண்டிக் கழுவிக் காயப்போட்டிருக்கிறன், திரிச்சு அனுப்புறன். கல்சியம் நல்லா இருக்கு, 100 கிராமில 300 மில்லிகிராமுக்கு மேல, அரிசிமாவோட கலந்து புட்டவி, முழுக் குரக்கனெண்டால் கறுப்பைக் கண்டு மாட்டனெண்டுவான். சிவப்பரிசி மா ரெண்டு கிலோ காணுமோ? பாக்கில இடமிருந்தால் பனங்கட்டியும் வைக்கிறன். வேற என்ன வேணுமெண்டு கெதியா எழுது, அவன் நிறை பாத்துத்தான் எடுப்பனெண்டு இப்பவே சொல்லிப்போட்டான்.

அம்மா