குலை நோய்க்கு வைத்தியம் விதையிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடி நெல்லில் குலை நோய் என்ற பூஞ்சை நோய் பரவிய பிறகு சூடோமோனாஸ் வாங்கி ஒரு முறை அடித்துவிட்டு, ‘உயிரி மருந்து கேட்கவில்லை’ என்று விவசாயிகள் கைவிடுகிறார்கள். வந்த நோயை நிறுத்தும் மருந்தல்ல அது. வேரிலும் இலையிலும் குடியேறி, பூஞ்சைக்கு இடங்கொடாமல் பயிரின் எதிர்ப்புத் திறனைத் தூண்டும் பாக்டீரியா. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி தெரியும்போதே பூஞ்சை இலைக்குள் வேரூன்றியிருக்கும்.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுவதும் விதையை ஊறவைத்து, வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்க வேண்டும். ஏக்கருக்கான நாற்றுக்கு, 10 சதுர மீட்டர் பாத்தியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு கிலோ பொடியைக் கரைத்து, வேரை அரை மணி நேரம் நனைத்து நடலாம். இயந்திர நடவுக்குப் பாய்போல் விரித்து வளர்க்கும் பாய் நாற்றங்கால் விடுவோருக்கு இப்படி வேரை நனைக்க வழியில்லை. அவர்கள் மேலே சொன்ன விதை ஊறவைப்பை, அதாவது விதை நேர்த்தியைத் தவறவே விடக்கூடாது. நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து தூவி, 45ஆம் நாளிலிருந்து பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை, லிட்டருக்கு 5 கிராம் வீதம் தெளிக்க வேண்டும்.

தெளிப்பில்தான் பல தவறுகள் நடக்கின்றன. பொடியை அப்படியே டேங்கில் கொட்டினால் அடியில் தங்கி நாசிலை அடைக்கும். வாளியில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் பாக்டீரியா செத்துவிடும், மாலையே ஏற்ற நேரம். காப்பர் மருந்தோ பாக்டீரியாவைக் கொல்லும் வேறு மருந்தோ கலந்தால் முழுச் செலவும் வீண்.

யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் எந்த உயிரி மருந்தும் நிற்காது. கரும்பச்சையாகக் கொழுத்த இலையில்தான் குலை நோய் முதலில் ஏறும். வாரம் ஒருமுறை, இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா போன்ற தழைச்சத்து இடுங்கள். பனி இறங்கும் மார்கழியில் வயலைக் காயவிடாதீர்கள், ஈரம் குறைந்த பயிரை நோய் எளிதில் பிடிக்கும். வரப்புப் புல்லையும் அறுத்துவிடுங்கள், பூஞ்சைக்கு அதுவும் புகலிடம்.

இவ்வளவு செய்தும், பிபிடி 5204 போல நோய்க்கு இளகிய ரகத்தில் கதிர் வெளிவரும் நேரத்தில் இலைப்புள்ளி இருந்தால், கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலை நோய்க்கு உயிரி மருந்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. அப்போது டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் 75 சதத் தூளை ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் ஒரு முறை தெளிப்பதே சரி. அறுவடைக்கு 30 நாள் இடைவெளி கட்டாயம். தேவையற்ற தெளிப்புகளைக் குறைப்பதுதான் நோக்கம். விளைச்சலைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

வேளாண்மைத் துறைக்கு ஒரு கோரிக்கை. விரிவாக்க மையங்களுக்குச் சூடோமோனாஸ் ஆவணி விதைப்புக்கு முன்பே வந்து சேர வேண்டும். மார்கழியில் வந்தால் விதை நேர்த்திக்கு எப்படி உதவும்? தகரக் கூரையின் கீழ் உர மூட்டைகளோடு கிடந்த பழைய பாக்கெட்டில் உயிருள்ள பாக்டீரியா குறைந்துபோயிருக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து, நிழலில் வைத்திருந்ததை மட்டும் விற்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்.