வளர்ச்சி யார் கடனில்?

ஆசிரியருக்கு வணக்கம். 2023-24இல் நாட்டின் பொருளாதாரம் 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்றதும் தொலைக்காட்சியில் கைதட்டாதவர் இல்லை. சரி, வளரட்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு (நிதிச் சேமிப்பில் வாங்கிய கடனைக் கழித்த மிச்சம்) ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், சுமார் 5 சதவீதமாகச் சரிந்து, பல பத்தாண்டுகளில் இல்லாத அடிமட்டத்தைத் தொட்டதை எத்தனை பேர் பேசினார்கள்?

குடும்பங்களின் கடன் இப்போது ஜிடிபியில் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வெளிநாடுகளில் இதைவிட அதிகம் என்று சமாதானம் சொல்கிறார்கள். அங்கே பெரும்பகுதி வீடு வாங்கிய கடன், இங்கே பாதிக்கு மேல் தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, நகைக் கடன் என்று போகிறது. ரிசர்வ் வங்கிக்கே கவலை வந்துதான் 2023 நவம்பரில் அடமானமில்லாத நுகர்வோர் கடன்களுக்கு ரிஸ்க் வெயிட்டை (கடன் மூழ்கினால் சமாளிக்க வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) 100இலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது.

எங்கள் கும்பகோணம் பக்கம் அடகு வைத்த நகையை மீட்பவர்கள் குறைவு, தங்கம் விலை ஏறினால் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே வளையலை இன்னும் கூடுதல் தொகைக்குத் திருப்பி வைத்து, அந்தப் பணத்தில் மகளிர் குழுத் தவணையையும் பையனின் காலேஜ் ஃபீஸையும் கட்டுகிறார்கள். (அதிலும் மிச்சமிருந்தால் செல்போன் இஎம்ஐ!) இதில் ஃபீஸும் செல்போனும் புள்ளிவிவரத்தில் 'நுகர்வு அதிகரிப்பு' என்று பதிவாகும்.

காலாண்டுக்கு ஒருமுறை ஜிடிபி கணக்கு வரும்போது, சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகிறது என்ற கணக்கையும் அரசு சேர்த்தே வெளியிடட்டும்.

- ஒரு வாசகர், கும்பகோணம்