வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

புதுக்கோட்டை–தஞ்சாவூர் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுகிறவன் நான். இடுப்புவலியில் சில மாதம் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டேன் என்று தெரிந்ததும், "எந்த டாக்டர்? என்ன மருந்து? ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஸ்டாண்டில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்ல டைமிங் இடம் கொடுக்காது. அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நான் நன்றி சொல்லவேண்டிய பாதிப் பேர், ஏதோ ஒரு கட்டத்தில் "இது உனக்கு வேண்டாம்" என்று என்னைத் தடுத்தவர்கள்.

இடுப்புவலி எனக்குப் புதிதில்லை. டிரைவர் சீட்டில் வருஷக்கணக்கில் குலுங்கியவனுக்கு அது தினப்படிக் காசோடு சேர்ந்து வருவது. போன வருஷம் அது இடது காலுக்கு இறங்கியது. பிட்டத்தில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் போய், பெருவிரலில் முடியும். தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். கிளட்ச் மிதிக்கிற கால் அது. கந்தர்வகோட்டை ஸ்டாண்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் எத்தனை முறை கிளட்ச் அமுக்கவேண்டும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் காட்டிய இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அது உண்மைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் அதே மூச்சில், "காப்பீட்டு அட்டை இருக்கில்ல? நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றார்கள். கையெழுத்து போடப் பேனாவை எடுத்துவிட்டேன். பைலை வாங்கவந்த நர்ஸம்மா குரலைத் தாழ்த்தி, "அவசரம் இல்லண்ணே, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வாங்க" என்றார். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று நான் எழுதப்போவதில்லை, அவர் வேலை அவருக்கு முக்கியம். முதல் நன்றி அவருக்கு.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் பிலிமைக் கையில் வாங்கியதும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். முதலில் என்னைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், அப்புறம் நுனிக்காலில். படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே தூக்கினார், பாதி உயரத்திலேயே கத்திவிட்டேன். கடைசியாக இடது காலின் பெருவிரலைத் தன் விரலால் அமுக்கிக்கொண்டு, "மேல தூக்குங்க, விடாதீங்க" என்றார். நான் விடவில்லை. அதற்கப்புறம்தான் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் தெரியுமாம், ஐம்பதில் 100-க்கு 60 பேருக்கு. ஆகவே படத்துக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, ஆளுக்குத்தான் பார்க்கவேண்டும். ஆபரேஷன் கால்வலியைக் குறைக்கும், வெறும் இடுப்புவலிக்கு அதை நம்பிப் போகக்கூடாது. வெளியே வந்த ஜவ்வைப் பெரும்பாலும் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் என்னைப்போல் கால்வலி வந்து சில வாரங்களே ஆன 283 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள், 2007-ல் வெளியானது. உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஆனா காத்திருந்தவங்கள்லயும் பத்துல நாலு பேர் கடைசியில ஆபரேஷனுக்குத்தான் வந்தாங்க. அதையும் சேர்த்து யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க. இப்போதைக்கு அவசரம் இல்லை" என்றார். பாதகமானதையும் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. பாதம் பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஓடிவரச் சொன்னார். இதே வலி இருக்கிறவர்கள் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நரம்புவலிக்கு ஒரு மாத்திரை எழுதப் போனவர், "என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு அதை அடித்துவிட்டார். தலைசுற்றலும் தூக்கமும் தருமாம். ஸ்டியரிங் பிடிக்கிறவனிடம் வேலை என்ன என்று கேட்பதும் வைத்தியம்தான்.

லாரி ஓட்டும் என் பங்காளி ஒருவன் இதே ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறான். அவன் சொன்னால் அப்படியே செய்துவிடுவது என்றுதான் போனேன். "எனக்குப் பாதம் தொங்கிப்போச்சுடா, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல. எனக்கு வேற வழி இல்ல, உனக்கு இருக்கு. என்னைப் பார்த்து முடிவு பண்ணாத" என்றான். தனக்குப் பலித்த வைத்தியத்தை அடுத்தவன் தலையில் கட்டாத மனுஷனை அபூர்வமாகத்தான் பார்க்கமுடிகிறது.

மருந்துக்கடைத் தங்கச்சிக்கும் நன்றி. சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு நின்றபோதெல்லாம், "தரமாட்டேண்ணே, வயிறு புண்ணாகும், கிட்னி போயிடும்" என்று திருப்பி அனுப்பியது. அன்றைக்கு அதைத் திட்டியிருக்கிறேன்.

எங்கள் அத்தை, கால் முன்னே வந்து பிறந்த ஆளைக் கூட்டிவந்து முதுகில் மிதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று ஆள்கூடப் பார்த்துவைத்திருந்தார். அன்புக்கு நன்றி அத்தை, அந்த ஆள் வராமல் போனதற்கு அதைவிட நன்றி. நாட்டு வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊர் வைத்தியர் இடுப்பில் உளுந்து மாவால் கரை கட்டி, அதற்குள் இளஞ்சூட்டில் தைலம் ஊற்றி நிறுத்துவார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வரும். முதுகைத் திருகி நெட்டி எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் அவர் மாட்டேன் என்றுவிட்டார். "இது சுகத்துக்குச் செய்யறது. நரம்பு அழுத்துற இடத்துல கை வைக்கமாட்டேன்."

பிசியோதெரபி மேடத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். நான் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னார். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட்டும் வேண்டாம், எடை கட்டி இழுப்பதும் வேண்டாமாம். நடக்கச் சொன்னார். நடையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவில் வலி வந்து தேறிய 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்ததாம். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்று நடந்து பழகியவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள் வரை வலி திரும்பவில்லை. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. சரி, நடந்துதான் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

அப்புறம் அவர் கேட்டதுதான் யாரும் கேட்காதது. "நீங்க வண்டி ஓட்டுறதை வீடியோ எடுத்துட்டு வாங்க." கண்டக்டர் எடுத்துக்கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்கச் சொன்னார். சீட் ரொம்பப் பின்னால் இருப்பதால் கிளட்சை அமுக்க இடுப்பே நகர்கிறது என்று காட்டினார். சீட்டோ போல்ட் போட்டு இறுக்கியது. முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, புதுசாக ஓட்டை போட்டு, சீட்டை நாலு விரற்கடை முன்னால் தள்ளி மாட்டச் சொல்லிவிட்டார். இத்தனை வைத்தியத்தில் எனக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது அந்த நாலு விரற்கடையில்தான். வெல்டர் அண்ணன் கூலி வாங்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் படுத்திருந்த மாதங்களில் ஆக்டிங் ஓட்டிய தம்பியிடம், "இந்த வண்டியை நீயே நிரந்தரமா எடுத்துக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன், நிரந்தர வண்டி யாருக்குக் கசக்கும்? "அண்ணன் வரட்டும்" என்றிருக்கிறான். இது எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும், அவன் வாய் திறக்கவில்லை. தம்பி, உனக்கு ஒரு வண்டி அமையும்வரை நானும் நாலு இடத்தில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் இருப்பவளுக்கு இதில் எழுதினால் கோபித்துக்கொள்வாள். பாயே கதி என்று கிடந்தவனைப் பால் வாங்க அனுப்பியே நடக்கவைத்தவள் அவள். கேஸ் சிலிண்டரை அவளும் தூக்கவேண்டாம், பையன் தூக்குவான்.

வலி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. கால்வலி விட்டுவிட்டது. இடுப்புவலி இருக்கிறது, கடைசி டிரிப்பில் கொஞ்சம் கூடும். நாளைக்கே பாதம் பலம் குறைந்தால் ஆபரேஷனுக்கும் தயார்தான், டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை தஞ்சாவூரில் வண்டி நிற்கிற நேரத்தில் ஸ்டாண்டைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். அந்த நேரத்தில் யாரும் டீ குடிக்கக் கூப்பிடாதீர்கள், நடந்து முடித்துவிட்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காலை வண்டி டிரைவர்